கொல்லை மண்ணை மூட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டுத் தோட்டம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நகரத்தில் இருப்பவர்களுக்குத் தோட்டம் பார்க்க நேரம் கிடையாது, ஆகவே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் பேவர் பிளாக் பதித்து, நடுவில் கொஞ்சம் கொரியன் புல் விரித்து, சுவரோரம் நாலு தொட்டி வைத்துவிட்டால் வேலை மிச்சம் என்று அதில் சொல்லியிருந்தது. வேலை மிச்சமாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனக்கு வயது 68. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். குனிந்து களை பறிக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டுரை சொல்லும் வழியில் வேலையும் குறையாது, கொல்லையை நம்பி வாழும் உயிர்களும் போய்விடும். இரண்டையும் எங்கள் தெருவிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் கருதிச் சுருக்கினால் செடிப் பெயர்களை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனையில் எங்கள் வீடு. நாங்கள் குடிவந்தபோது தெருவில் பாதி மனைகள் காலியாகக் கிடந்தன. மழைக்காலத்தில் இராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம். இப்போது தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகள் எழும்புகின்றன. எழும்பட்டும், ஜனங்களுக்கு வீடு வேண்டும். என் வருத்தம் என்னவென்றால், கட்டட விதிப்படி நாலு பக்கமும் விட்டாக வேண்டிய இடைவெளியில்கூட ஒரு பிடி மண் தெரிவதில்லை. சுற்றுச்சுவர் வரைக்கும் கல் பதித்துவிடுகிறார்கள். வாங்குகிறவர்களும் அதைத்தான் சுத்தம் என்று நினைக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டுத் தனி வீட்டுக்காரர்களும் தங்கள் கொல்லையை அதே மாதிரி மூட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் புல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல வெயில் வேண்டும், கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும், வெட்ட ஆள் வேண்டும், நடுவில் முளைக்கிற கோரையை உட்கார்ந்து பிடுங்க வேண்டும். இரண்டு வீடு தள்ளி ஒருவர் போட்டிருக்கிறார். வாராவாரம் தோட்டக்காரர் வந்து போகிறார். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, நாமெல்லாம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது யாருக்கும் மறந்திருக்காது. அப்படி ஒரு வருஷம் திரும்ப வந்தால் அந்தப் புல் ஒரு வாரம் தாங்காது. சரி, தண்ணீர் ஊற்றி வளர்த்தோம் என்றே வைத்துக்கொள்வோம், அதில் என்ன வந்து உட்காருகிறது? பூக்க விடுவதில்லை, விதைக்க விடுவதில்லை. தேனீக்கும் வேலை இல்லை, சிட்டுக்கும் வேலை இல்லை.

கல் பதித்த தரை பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இராத்திரி பூராவும் திருப்பிக் கொடுக்கிறது. கத்திரி வெயிலில் பின்பக்கப் படுக்கையறையில் படுத்துப் பார்த்தால் தெரியும். அப்புறம் மழை. வடகிழக்குப் பருவமழைதான் சென்னையின் மழையில் பெரும்பங்கு. அது சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எங்கள் பகுதி பட்ட பாடு செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. மாடித் தண்ணீரைக் குழாய் வழியாக ஒரு குழியில் இறக்குகிறோம், நல்லது. ஆனால் கொல்லையில் விழுகிற மழைக்கு என்ன வழி? மண் திறந்திருந்தால் அங்கேயே ஊறும். கல் பதித்தால் தெருவுக்கு ஓடும், தெருவிலிருந்து அடுத்தவர் வாசலுக்கும், கடைசியில் தெருக் குப்பையை எல்லாம் இழுத்துக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போகும். அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிற நாம், அதற்குப் போகிற தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி என் கொல்லை. வடகிழக்கு மூலையில் ஒரு வேம்பு. நான் வைத்ததில்லை, காக்காய் போட்ட விதை. சுவரிலிருந்து தள்ளி முளைத்ததால் விட்டுவைத்தோம். வேலியோரம் நொச்சி, மருதாணி, ஆடாதொடை மூன்றும் மாறி மாறி. கொசுவுக்கு நல்லது என்று சில வருஷங்களுக்கு முன் மாநகராட்சியே நொச்சிக் கன்று கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். கொசு போகிறதோ இல்லையோ, வேர் பிடித்துவிட்டால் நொச்சி தண்ணீரே கேட்காது, ஆடுமாடும் வாய் வைக்காது, ஊதாப் பூவில் தேனீ மொய்க்கும். ஒரு களாச் செடி இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்காவில் தானாக வளர்ந்து கிடக்கும் முட்புதர்தான். சோழமண்டலக் கரையில் காலங்காலமாக இருந்த உலர்ந்த பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அந்தப் பூங்கா. அங்கே யாரும் குழாய் போட்டுத் தண்ணீர் விடுவதில்லை. நம் வெயிலுக்கும் நம் மழைக்கும் பழகிய செடிகள் அவை. என் களாவில் வெள்ளைப் பூ வாசனையாகப் பூக்கும், காயில் ஊறுகாய் போடலாம், பழுத்ததைக் கொண்டைக்குருவிகள் தின்னும், முள் இருப்பதால் பூனைக்குப் பயப்படாமல் அதிலேயே கூடும் கட்டும். இத்தனைக்கும் நான் செய்வது தைமாதம் ஒரு தடவை வழியை மறிக்கிற கிளையை வெட்டுவதுதான்.

கறிவேப்பிலை இல்லாத வீடு நம் ஊரில் கிடையாது. அதன் கொழுந்தில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு ஒட்டிக்கொண்டிருந்தால் உடனே மருந்தடிக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கொஞ்சம் வளர்ந்தால் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி ஒரு வாடையை விடும், கடிக்காது. கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் இவற்றில் வளரும் பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் புழு அது. சில இலைகளைத் தின்றுவிட்டுக் கூட்டுப்புழுவாகிப் போய்விடும். செடி மறுபடி துளிர்த்துவிடும். சமையலுக்கு எனக்கு வேண்டியது போக மீதி எப்போதும் இருக்கிறது. சுவரோரம் தானாக வந்த எருக்கையும் விட்டுவைத்திருக்கிறேன். வீட்டில் எருக்கு ஆகாது என்று சொல்கிற உறவினர்கள் உண்டு. அதன் இலையில்தான் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புழு வளர்ந்து செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கிறது என்று காட்டியபின் அவர்களும் ஒன்றும் சொல்வதில்லை. பால் கண்ணில் படக்கூடாது, அதை மட்டும் குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

துணி காயப்போட, நடக்க, உட்கார இடம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். கொல்லைக் கதவிலிருந்து துவைக்கிற கல் வரை பழைய கடப்பாக் கல்லை இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறேன். இடைவெளியில் பொடுதலை படர்ந்திருக்கிறது. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அதே செடிதான். தரையோடு தரையாகப் படரும், மிதித்தாலும் தாங்கும், வெட்ட வேண்டியதில்லை, சின்னச் சின்னப் பூவில் விரல்நகம் அளவு நீல வண்ணத்துப்பூச்சிகள் வந்து உட்காரும். புல்தரை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை முயன்று பார்க்கட்டும்.

சருகைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சண்டை முழுக்க அதில்தான். மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும். தெருவில் எல்லோரும் கூட்டிக் குவித்து நெருப்பு வைப்பார்கள், இல்லாவிட்டால் குப்பை வண்டியில் ஏற்றுவார்கள். நான் நடைவழியில் விழுந்ததை மட்டும் நீளக் கைப்பிடி வாருகோலால் செடிகளுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அவ்வளவுதான் என் உழைப்பு. சித்திரை வெயிலில் அந்தச் சருகு மண்ணின் ஈரத்தைக் காப்பாற்றும். களை முளைக்க விடாது. மழை வந்ததும் மரவட்டையும் மண்புழுவும் சேர்ந்து அதை எருவாக்கிவிடும். நான் கடையில் எரு வாங்குவதே இல்லை. தவிட்டுக்குருவிக் கூட்டம் காலையில் வந்து கத்திக்கொண்டே ஒவ்வொரு இலையாகப் புரட்டும். செம்போத்து என்கிற செண்பகப் பறவை வந்து நத்தையைத் தேடும். உடைந்த தொட்டிக்கு அடியில் ஒரு தேரை குடியிருக்கிறது. முதல் மழைக்கு ஈசல் கிளம்பும்போது அது வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போன ஐப்பசியில் ஒரு காலை, களாவுக்கு அடியில் ஏதோ தத்தித் தத்திப் போனது. மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது, வால் இருக்கிறதா என்று தேட வேண்டிய குட்டை வால். பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, இறக்கையில் பளிச்சென்று நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக்குருவி! அலகால் ஒரு இலையைத் தூக்கிப் போடும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டும், மறுபடி இரண்டு தத்து. ஒரு புழுவை இழுத்தபோது அது அறுந்துவிடாமல் எவ்வளவு பக்குவமாகப் பின்னால் சாய்ந்து இழுத்தது தெரியுமா! சமையலை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றேன். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இராத்திரியில் பறந்து வருகிற பறவை அது. வருகிற வழியில் களைத்துப்போய்ச் சென்னையில் வீட்டுத் தோட்டங்களில் இறங்கும். சில கண்ணாடி ஜன்னலில் மோதி விழுவதும் உண்டு. நிழலான தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி தின்பதுதான் அதன் பிழைப்பு. அத்தனை தூரம் பறந்து வந்த பறவை கீழே பார்க்கும்போது எங்கள் தெரு முழுக்கப் பளபளவென்று கல்லாக இருந்தால் அது எங்கே இறங்கும்? கூட்டாமல் விட்ட பத்தடி இடம் அதற்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போயிற்று.

திறந்த மண்ணும் கொஞ்சம் வேண்டும். எல்லாவற்றையும் செடியாலும் சருகாலும் மூடிவிடக் கூடாது என்பதை ஒரு ஓணானைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆடியில் நல்ல மழை பெய்த மறுநாள், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் ஈரமண்ணை ஒரு பெண் ஓணான் முன்னங்காலால் பறித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் தோண்டியது. பிறகு திரும்பி, உடம்பின் பின்பாதியைக் குழிக்குள் இறக்கி, அசையாமல் இருந்தது. வெள்ளையாக முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் தட்டித் தட்டி இறுக்கியது. மேலே சில இலைகளையும் இழுத்துவிட்டுப் போனபின் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பூனை கிளறாமல் இருக்கச் சுற்றி முள் குச்சி ஊன்றி வைத்தேன். குஞ்சு வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் புரட்டாசி பிறக்கிற சமயத்தில் துளசிமேலும் மருதாணிமேலும் விரல் நீளத்தில் குட்டி ஓணான்கள் தொற்றிக்கொண்டிருந்தன. எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி எல்லாம் அவற்றின் சாப்பாடு. கல் பதித்த வீட்டில் அந்தத் தாய் எவ்வளவு பறித்தாலும் ஒரு முட்டை வைக்க முடியாது.

பாம்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நேர்மையாக இருக்காது. "ஆன்ட்டி, உங்க தோட்டத்தைப் பார்த்தாலே பயமா இருக்கு, பாம்பு வந்துடும்" என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். கைக்குழந்தை வைத்திருப்பவள், அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கம் சாரை உண்டு, அது எலிக்காக வருகிறது. அதற்கு விஷம் கிடையாது. நல்லபாம்பும் கட்டுவிரியனும் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் சில விஷயங்களில் கண்டிப்பாக இருக்கிறேன். வீட்டுச் சுவரிலிருந்து நாலடிக்குச் சருகும் செடியும் கிடையாது, அந்த இடம் தினமும் கூட்டிச் சுத்தமாக இருக்கும். செங்கல், பழைய மரம், தேங்காய் மட்டை எதையும் கொல்லையில் குவிப்பதில்லை. சோறு, மீன்முள் எதையும் கொட்டுவதில்லை, கொட்டினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். கதவுக்கு அடியில் சந்து இல்லாமல் ரப்பர் பட்டை அடித்திருக்கிறேன். இருட்டினால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. பாம்பு கண்ணில் பட்டால் அடிக்கக் கூடாது, வனத்துறைக்குச் சொன்னால் வந்து பிடித்துப் போவார்கள். சாரையை அடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதையெல்லாம் அந்தப் பெண்ணையே அழைத்து வந்து காட்டினேன். இப்போது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேன்சிட்டுக் கூடு பார்க்க வருகிறாள். துணி காயப்போடும் கம்பியில் நார், சிலந்தி வலை, மரப்பட்டைத் துணுக்கு எல்லாம் சேர்த்து ஒரு பை மாதிரி தொங்கவிட்டிருக்கிறது. நாங்கள் இப்போது பாதிக் கம்பியில்தான் துணி போடுகிறோம்.

கொசுவும் அப்படித்தான். பறவைக்கு வைக்கும் தண்ணீர் மண்தட்டில், இரண்டு விரல் ஆழம். தினமும் காலையில் கொட்டி, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும், அந்த முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். தினமும் தேய்த்தால் அதற்கு வழியில்லை. தொட்டிச் செடிகளுக்கு அடியில் வைக்கிற பிளாஸ்டிக் தட்டுகளில்தான் தண்ணீர் தேங்குகிறது. அந்தக் கட்டுரை சிபாரிசு செய்த தொட்டிகளைத்தான் சொல்கிறேன்.

பூச்சிமருந்து நான் அடிப்பதில்லை. முருங்கையில் மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அடிமரத்தில் இறங்கும், அதை மட்டும் தீப்பந்தம் பிடித்து ஆள் வைத்து எடுத்துவிடுவேன், உடம்பில் பட்டால் தடித்துவிடும் என்பதால். பார்த்தீனியக் களையைப் பூப்பதற்கு முன் பிடுங்கச் சொல்வேன். மற்றதை எல்லாம் குருவிகள் பார்த்துக்கொள்கின்றன. வைத்த முதல் கோடையில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. அதற்குப்பின் மழையே போதும்.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். வரைபட அனுமதி கொடுக்கும்போது மழைநீர்க் குழியைப் பார்க்கிறீர்கள். விடப்படும் இடைவெளியில் குறைந்தது ஒரு பக்கமாவது மண்ணாகவே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குடியிருப்போர் சங்கங்கள் இலையை எரிப்பதை நிறுத்த ஒரு தீர்மானம் போடலாம்; காசு செலவில்லை. ஆசிரியரிடம் கேட்பது, இந்தக் கரையோரத்து மண்ணுக்கு உரிய செடிகளைப் பற்றி ஒரு பக்கம் போடுங்கள். நர்சரிக்குப் போனால் வெளிநாட்டுச் செடிகளைத்தான் முன்னால் அடுக்கி வைத்திருக்கிறார்கள். களா, நொச்சி என்று கேட்கிறவர்கள் பெருகினால் அவர்களும் கொண்டு வந்து வைப்பார்கள்.

ஏற்கெனவே கல் பதித்துவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. பேவர் பிளாக்கைப் பெரும்பாலும் மணல்மேல்தான் பதித்திருப்பார்கள். ஒரு கல்லை நெம்பினால் அடுத்தது கையோடு வந்துவிடும். சுற்றுச்சுவரை ஒட்டி இரண்டு வரிசை எடுத்து, அடியில் இருக்கும் மணலையும் ஜல்லியையும் வாரிவிட்டு, மண்ணும் மக்கிய சாணமும் போடுங்கள். நொச்சியும் மருதாணியும் குச்சி ஊன்றினாலே வேர் பிடிக்கும்; அக்கம்பக்கத்தில் யாரிடம் இருந்தாலும் ஒடித்துக் கொடுப்பார்கள். ஆடி, ஆவணிக்குள் ஊன்றிவிட்டால் பருவமழை தொடங்கும்போது தளிர் விட்டிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.